கடைசி வரிசை

வதனிக்கு எப்போதும் மூக்குமேல் கோபம். அன்றைக்கு அது தலைக்கே ஏறிவிட்டிருந்தது.

வெளிநாட்டு ஆய்வுக்கூடமொன்றில் அவள் ஆராய்ச்சி மாணவி. விசா புதுப்பிக்க ஊருக்கு வந்தவள் மாதக்கணக்காகத் தன்னாமுனையில் மாட்டிக்கொண்டு, ஆய்வுக்கூடத்துக் கருவியை மடிக்கணினி வழியாக இயக்கிக்கொண்டிருந்தாள். லேசர் ஒளியால் சின்னஞ்சிறு புள்ளிகளை நெருக்கமாக அடுக்கி, புள்ளிக்கு ஓர் அணுவாகப் பிடித்து வைப்பதுதான் வேலை. எல்லாப் புள்ளிகளும் நிரம்பினால் அணுக்கள் தனித்தனியாக ஒளிராமல் கூட்டாக ஒளிரும். அதை அளக்கத்தான் இத்தனை பாடு. நடுவில் ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தாலும் காரியம் கெட்டுவிடும்.

அணுக்கள் தாமாக வந்து விழுவது பாதிப் புள்ளிகளில்தான். மிச்ச இடங்களை, ஓரத்தில் பிடித்து வைத்திருக்கும் உதிரி அணுக்களை ஒளியாலேயே நகர்த்திக்கொண்டுபோய் நிரப்ப வேண்டும். அவள் எழுதிய நிரல் முன்வரிசைகளை அழகாக நிரப்பியது. கடைசி வரிசை மட்டும் ஓட்டைப் பல்லைக் காட்டி இளித்தது. பின்னேரத்தோடு கருவியில் அவளுடைய முறை முடிகிறது. இன்றைக்கும் சரிவராவிட்டால் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

"சனியன், எங்கயாவது போய்த் துலை!" என்று திரையைத் திட்டினாள்.

வெளியே அப்பா தங்கராசா அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தார். கைபேசியின் மறுமுனையில் வட்டை விதானையார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவர்.

"வாய்க்கால் தலைப்பில இரிக்கிறவன் முதல்ல நிரப்பினா, மறுகா நம்மட கடைசி வயலுக்கு எப்பிடித் தண்ணி வரும்?"

வதனி நிமிர்ந்தாள். அவளும் வாய்க்கால் தலைப்புக்காரனைப் போல, உதிரி அணுக்களுக்குக் கிட்ட இருந்த வரிசையைத்தான் முதலில் நிரப்பியிருக்கிறாள். கடைசி வரிசைக்குப் போகிற அணு, நிரம்பிய வரிசைகளைக் கடக்கும்போது மோதித் தொலைகிறது. எரிச்சலோடு நிரப்பும் ஒழுங்கைத் தலைகீழாக மாற்றினாள்.

நிரம்பியது. ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. ஒளி ஒன்றாகப் பளிச்சிட்டு, தனி அணுவைவிட வெகு வேகமாக அணைந்தது. வதனிக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே கையோடு போய் அப்பாவிடமிருந்து கைபேசியைப் பிடுங்கினாள்.

"மாமா, கடைசி வயலில இருந்து நிரப்பிக்கொண்டு வாங்க. எல்லாருக்கும் வரும். இப்ப செய்து பாத்திட்டுத்தான் சொல்றன்."

விதானையார் பெருமூச்சு விட்டார். "அது எனக்கும் தெரியும் மகள். விதைப்புக் கூட்டத்தில எடுத்த தீர்மானமும் அதுதான். மேல்வயல்காரன் கேக்கானா?"

வதனி கைபேசியை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே திரையில் அடுத்த சுற்று அணுக்கள் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தன. அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேல்வயல் பக்கம் வெளிக்கிட்டார்.