இருவாச்சிக்காக அணைந்த அடுப்பு

அம்பகரத்தூர் பெரியநாயகி முப்பத்திரண்டு வயதுவரை ஏறிய உயரமெல்லாம் அரசலாற்றுக் கரைதான். 1974இல் தை அறுப்பு முடிந்து வயல்வேலை ஓய்ந்ததும், பிள்ளைகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, மரம் அறுக்கப் போன கணவன் மருதையனோடு பொள்ளாச்சிக்கு மேலே மழைக்காட்டுக்குப் போனாள். நாற்பது பேருக்குச் சமைக்கும் வேலை. ஆள் சேர்த்துக் கூட்டிப்போனவர் திருமலைராயன்பட்டினத்து மேஸ்திரி ஜெகபர் சாதிக்.

முதல் வாரம் முழுக்க அவள் வானத்தைத் தேடினாள். மரத்துக்கு மேல் மரம். நடுப்பகலில் அரிசியில் கல் பொறுக்கவும் விளக்கு வேண்டியிருந்தது.

சமையல் கொட்டகைக்கு எதிரே ஒரு பெரிய மரம். அதன் பொந்துக்கு, வாழைப்பூ மாதிரி மூக்கு வைத்த ஒரு பறவை ஓயாமல் பழம் கொண்டுவந்தது. சிறகடித்தால் ரயில் மூச்சு விடுவதுபோல் இருந்தது. பொந்தின் வாய் பூசி அடைத்திருந்தது. ஒரு கீறல் மட்டும் திறப்பு.

"இருவாச்சி, தங்கச்சி. பொட்டை முட்டை வச்சு வாசலை அடைச்சுக்கிடும். மூணு நாலு மாசம் ஆம்பளதான் எரை ஊட்டணும்" என்றார் மேஸ்திரி.

பெரியநாயகி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்களா? ரெண்டு புள்ள பெத்தேன். ஒரு வாய் கஞ்சி ஊட்டியிருப்பீங்களா?"

"அதுக்கு றெக்க இருக்கு" என்று முனகிக்கொண்டே மருதையன் ரம்பம் தீட்டப் போனான்.

பத்து நாள் கழித்து அந்த மரத்திலும் வெட்டுக்குறி விழுந்தது.

"இதுல கோடாலி பட்டா என் அடுப்புல தீ பத்தாது" என்றாள் பெரியநாயகி. மேஸ்திரி சிரித்தார். மதியம் தானே உலை வைத்தார். அடியில் கரி, மேலே அரிசி. இரவிலும் அதே கதை. மறுநாள் காலை மருதையனே போய் நின்றான்: "ஒரு மரம் போனாப் போவுது மேஸ்திரி. இந்தச் சோத்தத் தின்னுட்டு ரம்பம் இழுக்க முடியாதுங்க."

மேஸ்திரி குறியைச் செதுக்கி எடுத்தார். சுற்றியிருந்த மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சித்திரைக் கடைசியில் பூச்சை உடைத்துத் தாய் வெளியே வந்தது. பின்னாலேயே குஞ்சும் வந்தது. நாற்பது பேரும் விசிலடித்தார்கள்.

அடுத்த ஆண்டு போனபோது அந்த மரம் வேரோடு விழுந்து கிடந்தது. அணைவாக நின்ற மரங்கள் இல்லை. ஆடிக் காற்று தள்ளிவிட்டிருந்தது. கொட்டகைப் பக்கம் ஓடிய ஓடையும் மாசியிலேயே வற்றியிருந்தது. பெரியநாயகி அரை மைல் நடந்து தண்ணீர் சுமந்தாள்.

"காப்பாத்திட்டேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேனே" என்று மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டாள். தேற்ற வந்த மருதையனைப் பார்த்துத் திடீரென்று கத்தினாள்: "மிதிச்சிடாதீங்க! நாத்து!"

மரம் நின்றபோது பொந்துக்குக் கீழே இருந்த தரையெங்கும் கன்றுகள். பறவைகள் கீறல் வழியே வெளியே தள்ளிய கொட்டைகளும் எச்சத்தில் கிடந்த விதைகளும் முளைத்திருந்தன. நாற்றுப் பறித்து நடுவது அவளுக்குப் பழகிய வேலை. பிடுங்கிப் பிடுங்கி ஓடைக்கரையில் நட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து ஆட்களும் சேர்ந்தார்கள்.

"நான் வெட்ட ஆள் கூட்டியாந்தா, நீங்க நட ஆள் புடிக்கிறீங்களா?" என்று மேஸ்திரி தலையில் கைவைத்தார்.

அதன்பிறகு அவள் மலைக்குப் போகவில்லை. ஊரில் இட்லிக்கடை போட்டாள். 1986இல் கடைக்கு வந்த ஜெகபர் சாதிக், அந்தப் பக்கம் இப்போது மரம் வெட்டுவது நின்றுவிட்டதாகச் சொன்னார். "நீங்க நட்டதுல பாதி பட்டுப்போச்சு. கொஞ்சத்த மான் தின்னுடிச்சு. மிச்சம் இம்புட்டு ஒசரம்" என்று தலைக்கு மேல் கையைத் தூக்கினார்.

"பதினோரு வருசத்துல அம்புட்டுத்தானா? ஸ்டூல்ல ஏறிக் காட்டுங்க பாய்" என்றாள் பெரியநாயகி.