சொரிமுத்துவின் ஆம்ப்ளிஃபயரும் இட்லி அண்டாவும்

சொரிமுத்து ஒரு மடையன் என்று நான் சொன்னால் என்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கும்போது பக்கத்தில் நின்று "ஏ ஒன்" என்று சொன்னவன் நான்தான். என் பெயர் ஷாகுல் ஹமீது. தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரம்மநாயகம் அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில் காங்கோ மேளம் தட்டுவேன். சொரிமுத்து அதே குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவன். மற்ற ஆறு நாளும் இட்லி விற்பான்.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்தவன். காலை ஆறு மணிக்கு நூற்றைம்பது இட்லி உள்ள அலுமினிய அண்டாவைத் தலையில் ஏற்றி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மாஹிம் வரை நடப்பான். அவனிடம் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. முதல் ஈட்டு இட்லியும் கடைசி ஈட்டு இட்லியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று சப்பையாகிவிட்டால் விற்க மாட்டான், தானே தின்றுவிடுவான். இன்னொன்று, அண்டாவைத் தரையில் வைக்க மாட்டான். "சோத்துப் பாத்திரத்த மண்ணுல வைக்கப்படாது பாய்" என்று சொல்லிவிட்டு, நான் அளந்து வைத்திருக்கும் தோலைத் தள்ளிவிட்டு என் மேஜையில் வைப்பான். சாம்பார் வாசனையோடு எத்தனை பைகள் கப்பல் ஏறினவோ, அல்லாவுக்குத்தான் தெரியும்.

எண்பத்தேழாம் வருடப் பொங்கலுக்கு ஒரு மாதம் முன்பு சிக்கல் வந்தது. சொரிமுத்துவின் பழைய ஆம்ப்ளிஃபயர் முதல் பாட்டில் இடிக்கும், மூன்றாம் பாட்டில் இருமும், ஐந்தாம் பாட்டில் தூங்கிவிடும். பிரம்மநாயகம் அண்ணாச்சி மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவர். உடம்பு கனம், கோபம் அதைவிடக் கனம்.

"ஏல சொரிமுத்து, பொங்கல் புரோகிராம்தான் உனக்கு லாஸ்ட் சான்ஸு. வாஷியில ஒருத்தன் கீபோர்டு வச்சிருக்கான். எடது கையிலயே பேஸ் வாசிச்சிருதான். சத்தம் ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது. உன் பெட்டி மறுபடி மக்கர் பண்ணிச்சுன்னா அவனக் கூப்புட்டுருவேன், பாத்துக்க."

அன்று சொரிமுத்து என் பட்டறையில் வந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "பாய், ஆறு நாளும் எல்லாரும் அண்டாவத்தான் பாக்காவ. மாடியில நின்னு 'ஏ இட்லிவாலா'ன்னு கத்துதாவ. அண்டாவுக்குக் கீழ ஒரு மூஞ்சி இருக்குன்னு ஞாயித்துக்கெழமதான் நாலு பேருக்குத் தெரியுது. அதயும் புடுங்கிட்டா நான் என்ன செய்ய?"

அதனால்தான் வேலையைப் போட்டுவிட்டு அவனோடு பழைய ஆம்ப்ளிஃபயர் தேடி அலைந்தேன். பாண்டுப்பில் ஒன்று பார்த்தோம். மெதுவாக வாசித்தால் தேனாக இருந்தது, சத்தத்தைக் கூட்டினால் பீங்கான் உடைந்தது. வேண்டாம் என்றான்.

அடுத்தது மாஹிமில், கல்யாண பேண்டில் வாசித்து ஓய்ந்த ஒரு கோவாக்காரர் வீட்டில். வியாபாரத்துக்குப் போகும் வழியில், அண்டா நிறைய இட்லியோடு, கிடாரை என் முதுகில் மாட்டிவிட்டுக் கூட்டிப் போனான். ஆம்ப்ளிஃபயர் இடுப்பு உயரம் இருந்தது. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் கோவாக்காரர் உட்கார்ந்திருந்தார், மேஜையில் பூனை படுத்திருந்தது. சொரிமுத்து சுற்றிமுற்றிப் பார்த்தான். தரையில் வைப்பானா அவன்? ஆம்ப்ளிஃபயர் தலையில் அண்டாவை இறக்கினான்.

அப்புறம் நடந்தது சோதனை அல்ல, எனக்கு வந்த சோதனை. தடித்த கம்பியை மெதுவாகத் தட்டினான், பலமாகத் தட்டினான். நாலு கம்பிக்கும் சத்தம் ஒரே பருமனில் வருகிறதா, ஒன்று வீங்கி ஒன்று சூம்புகிறதா என்று கண்ணை மூடிக் கேட்டான். என்னைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொன்னான்.

"பாய், அங்க கேக்கா?"

"கேக்கு."

"பஸ்ஸு வரும்போது கேக்கா?"

"இந்த வெயில்ல நடுரோட்டுல நிக்க வச்சிட்டுக் கேள்வி வேறயால? கேக்குல, கேக்கு."

ஒரு மணி நேரம் ஓடி ஆம்ப்ளிஃபயர் நன்றாகச் சூடேறிய பிறகு, ஆரம்பத்தில் தட்டிய அதே கம்பியை மறுபடி தட்டினான். "மொத ஈடும் கடைசி ஈடும் ஒண்ணா இருக்கணும்லா" என்றான். ஒன்றாகத்தான் இருந்தது. "இதைக் கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிறாயா?" என்று கோவாக்காரர் இந்தியில் கேட்டார். அதற்குள் அவர் நாலு இட்லி தின்று முடித்திருந்தார். நான் பெரிய வித்வான் மாதிரி தலையை ஆட்டி "ஏ ஒன்" என்றேன்.

பொங்கல் விழா. தாராவியில் பந்தல் போட்ட மேடை. மாலை ஐந்து மணிக்கு அண்ணாச்சி மைக்கைப் பிடித்து வணக்கம் சொன்னார். சொரிமுத்து எண்ணெய் தேய்த்து வாரிய தலையோடு முதல் கம்பியைத் தட்டினான்.

டர்ர்ர்ர்.

தகரக் கூரையில் வண்டு சிக்கிய மாதிரி ஒரு சத்தம். மறுபடி தட்டினான். மறுபடி டர்ர்ர்ர். ஒயரை மாற்றினான், கம்பியை முறுக்கினான். நான் பின்பக்கம் குனிந்து, எதுவும் தெரியாமல், எல்லாம் தெரிந்தவன் மாதிரி பார்த்தேன். அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் சொன்னார்: "வாஷிக்காரன் போன் நம்பர் சட்டப் பையிலதான் இருக்கு." சொரிமுத்துவின் முகத்தை அப்போது என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் அவன் மனைவி பேராச்சி வந்தாள். விழாக் கமிட்டிக்காரர்கள் தங்களுக்கு இட்லி சொல்லியிருந்தார்கள். நிறைந்த அண்டாவோடு மேடைப் படி ஏறினாள்.

"இந்தாருங்க, இத எங்க வைக்க? கீழ ஒரே புழுதி."

புருஷனுக்கு ஏற்ற பெண்சாதி, ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தாள். சொரிமுத்து மனசு விட்டுப்போய்ச் சும்மா ஒரு தட்டுத் தட்டினான். கும்மென்று கேட்டது. வண்டைக் காணோம்.

நானும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பெட்டியின் மேல்பலகை கழன்று ஆடியிருக்கிறது. மாஹிமில் அந்த ஒரு மணி நேரமும் அண்டா அதை அமுக்கிப் பிடித்திருக்கிறது. ஒயரைப் பார்த்தோம், கம்பியைப் பார்த்தோம், மரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஐந்து பாட்டு அமோகமாகப் போயிற்று. ஆனால் இட்லி மணம் கூட்டத்துக்குள் போய்விட்டதே. கமிட்டிக்காரர்கள் தட்டோடு வந்தார்கள், பிறகு கமிட்டியில் இல்லாதவர்களும் வந்தார்கள். பேராச்சி அள்ளி அள்ளி வைத்தாள். அண்டா இளைக்க இளைக்க ஆறாம் பாட்டில் வண்டு மெல்லத் திரும்பி வந்தது.

"பேராச்சி, மூடு. போதும்" என்று பல்லைக் கடித்தான் சொரிமுத்து.

"பசின்னு வந்து நிக்காவ. இல்லன்னு சொல்லச் சொல்லுதீங்களா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பியைத் தட்டினான். எந்தக் காலத்திலும் அவன் அண்டாவில் இட்லியை வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னதில்லை.

அண்ணாச்சி பாட்டின் நடுவிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மைக்கோடு நடந்து வந்தார். அண்டாவைத் தூக்கி என் கையில் கொடுத்தார். ஆம்ப்ளிஃபயர் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டு செத்தது.

"பாய், கீழ மட்டும் வச்சிராதீரும்" என்றான் சொரிமுத்து.

மீதிப் பதினோரு பாட்டுக்கும் நான் அண்டாவைக் கட்டிக்கொண்டு நின்றேன். காங்கோ இல்லாதது ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. சொரிமுத்து தட்டத் தட்ட அண்ணாச்சியின் உடம்பு அதிர்ந்து குரல் நடுங்கியது. முன்வரிசையில் இருந்தவர்கள் உருக்கம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தார்கள்.

முடிந்ததும் மரத்துப்போன கால்களோடு அண்ணாச்சி மெதுவாக இறங்கினார். "நாளைக்கே நாலு ஸ்க்ரூ போட்டு முறுக்குல" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கிழித்தார். "வாஷிக்காரன் வேண்டாம். அவன் கீபோர்டு மேல உக்கார முடியாதுலா."

மறுநாள் சொரிமுத்து விற்றது பாதி விற்காதது பாதியாக என் பட்டறைக்கு ஓடி வந்தான். தோலைத் தள்ளிவிட்டு அண்டாவை வைத்தான். நான் தோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பாய், ரோட்டு முக்குல ஒரு பொம்பள மாடியில நின்னு 'ஏ கிடார்வாலா'ன்னு கூப்புட்டா. என் மூஞ்சியப் பாத்துக் கூப்புட்டா."

மத்தியானத்துக்குள் அதை நாலு தடவை சொல்லிவிட்டான். நானும் தைப்பதை நிறுத்திவிட்டு நாலு தடவையும் கேட்டேன். முதல் தடவை சொன்னதற்கும் கடைசித் தடவை சொன்னதற்கும் சத்தம் கொஞ்சம்கூட மாறவில்லை.