மச்சாளின் சாம்பிராணியும் என் மலைப்பாம்பும்

அந்தப் பாம்பு என்னை வெறுக்கிறது என்றுதான் நம்பியிருந்தேன். வெறுப்பு அந்த வீட்டுக்குப் புதிதல்ல. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடி. அண்ணையின் இரண்டு அறை வீட்டில் ஒரு அறை எனக்கு. அண்ணையின் மனைவிக்கு என்னைப் பிடிக்காது, எனக்கு மச்சாளைப் பிடிக்காது, பனியை ஒருவருக்கும் பிடிக்காது. இதற்குள், ஒஷாவாவில் என்னோடு வேலை செய்தவன் ஊர் மாறிப்போகையில் கண்ணாடித் தொட்டியோடு விட்டுப்போன குட்டி மலைப்பாம்பு. விஷமில்லாதது. ஏன் எடுத்துக்கொண்டேன்? மச்சாள் வேண்டாம் என்றார். அது போதுமாக இருந்தது.

தை மாதம் அது சீறத் தொடங்கியது. பிறகு தலையை நேரே மேலே தூக்கி, வாய் பிளந்தபடி நின்றது. பிறகு வாயோரம் நுரை. மச்சாள் என் அறை வாசலில் நின்று கும்பிட்டார்.

"உது நாகதம்பிரான்ரை கோபம். கோழி தின்னுற அறைக்குள்ளை வைச்சிருந்தா சீறாமல் என்ன செய்யும்?"

"உது ஆபிரிக்காப் பாம்பு மச்சாள். நாகதம்பிரானைத் தெரியாது."

"உமக்குத்தான் ஒண்டும் தெரியாது."

வெள்ளிக்கிழமைகளில் நான் வேலைக்குப் போனதும் மச்சாள் உள்ளே வருவார். தொட்டியைச் சுற்றிச் சாம்பிராணி காட்டி, தண்ணீர்க் கிண்ணத்தில் பால் ஊற்றி, புகை அலாரம் அலறாமலிருக்க ஜன்னலைத் திறந்துவிட்டுப் போவார். நான் திரும்பும்போது கண்ணாடி கையைக் கடிக்கும் குளிர். கத்துவேன். அவரும் கத்துவார். நடுவில் அது சீறும்.

ஒரு நாள் பால் கிண்ணத்தை எடுக்கப் பயந்து பயந்து கையை விட்டேன். கொத்தவில்லை. தொய்ந்துபோய்க் கிடந்தது, கோபப்பட அந்த உடம்பில் பலமே இல்லை. காதைக் கிட்டக் கொண்டுபோனேன். உள்ளே போகும் மூச்சிலும் அதே சத்தம், வெளியே வரும் மூச்சிலும் அதே சத்தம். சின்ன வயதில் முட்டு வந்து மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தவன் நான். எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்.

பாம்பு பார்க்கும் மிருக வைத்தியர் றிச்மண்ட் ஹில்லில். அண்ணையின் கார் சனிக்கிழமை அங்கேதான் கோயிலுக்குப் போகும். முன் சீற்றில் அர்ச்சனைத் தட்டோடு மச்சாள். பின் சீற்றில், தலையணை உறைக்குள் பாம்பைப் போட்டு, கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்தபடி நான்.

"முதல் கோயில்," என்றார் மச்சாள்.

"முதல் டொக்டர். இண்டைக்குச் செத்துப்போயிடும்."

"பாம்புக்கு டொக்டர்! ஊரிலை சனத்துக்குக் காய்ச்சலுக்குப் பனடோல் இல்லை."

அண்ணை சிக்னலைப் போட்டு டொக்டர் பக்கம் திருப்பினார். கார் குளிரும் என்று மச்சாளும் உள்ளே வந்தார்.

வைத்தியர் தட்டையான குச்சியால் பாம்பின் வாயைத் திறந்தார். நூல் நூலாகச் சளி. நுரையீரலில் கிருமி என்றார். பாம்புக்கு எங்களைப்போல் இருமித் துப்ப முடியாது, அதனால்தான் தலையைத் தூக்கி மூச்சைத் தேடுகிறது. குளிர்காற்றுப் பட்டதா? புகை?

"எல்லாம் இவர் செய்த வேலை," என்று மச்சாளைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னேன். விளங்காது என்ற துணிவு.

தொட்டியின் சூட்டு விளக்கு எரிகிறதா என்று வைத்தியர் கேட்டார். இடையில் பல்ப் எரிந்துபோயிருந்தது. கொத்துமோ என்ற பயத்தில் மாற்றாமல் விட்டிருந்தேன். "இரண்டு நாள் எரியவில்லை," என்றேன்.

"ஃபோர் டேய்ஸ்," என்றார் மச்சாள்.

என்னைப் பார்க்கவேயில்லை. நாலு விரலை மட்டும் வைத்தியருக்கு உயர்த்திக் காட்டினார்.

மூன்று நாளுக்கொருமுறை ஊசி, உடம்பின் முன்பாதியில். தொட்டியில் வெப்பமானி, இரவும் பகலும் சூடு, புகை கூடவே கூடாது. வீட்டில் நாங்களே ஊசி போட இரண்டு பேர் வேண்டும், அண்ணை வேலையில். மச்சாள் கைக்குத் துவாயைச் சுற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, இறுக்கிப் பிடிப்பார். நான் ஊசியோடு செதில்களுக்கிடையில் இடம் தேடுவேன். "கெதியாக் குத்தும்," என்பார். அவரை நன்றியோடு பார்த்ததாக ஞாபகமில்லை.

ஏழாவது ஊசிக்குப் பிறகு சத்தம் நின்றது. வாய் மூடி, சுருண்டு, அமைதியாகக் கிடந்தது. மச்சாள் வாசலில் நின்று பார்த்தார்.

"கோபம் போயிட்டுது."

"சளி போயிட்டுது," என்றேன்.

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். நான் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன்.