கரடியின் பெயர் பொன்னுசாமி

கரடி இறந்துவிட்டார்.

இதை எழுதக் கூடாது என்று காலையிலேயே கம்பெனியிலிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் ஷோவுக்குப் போஸ்டர் ஒட்டியாயிற்றாம். கரடி வேஷத்துக்கு வேறு ஆளும் பார்த்தாயிற்றாம். மாஸ்க்கை மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, நீ வாயை மூடிக்கொண்டு இரு என்றார்கள்.

எழுதுகிறேன். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

எங்கள் மல்யுத்த ஷோவைத் திருவிழாவிலோ பொருட்காட்சியிலோ பார்த்தவர்களுக்குக் கரடியைத் தெரியும். கறுப்பு ரோம மாஸ்க். உறுமிக்கொண்டே ஓடி வந்து, கடைசியில் என்னிடம் அடி வாங்கி மல்லாந்து கிடப்பாரே... அவர்தான்.

பெயர் பொன்னுசாமி. கொல்லிமலை, ஆலத்தூர் நாடு. மிளகும் குச்சிக்கிழங்கும் போடுகிற விவசாயி. நேற்று களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

போஸ்டரில் என் படம் ஆள் உயரத்துக்கு இருக்கும். 'சேலத்துச் சிங்கம்' என்று கொட்டை எழுத்தில். அவர் ஒரு மூலையில்... பெயர்கூட இல்லாமல், வெறும் 'கரடி'.

"எல்லாம் செட்டப்பு தானே ப்ரோ" என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆமாம், செட்டப்புதான். யார் ஜெயிப்பது என்று முன்னாடியே பேசி வைத்துவிடுவோம். ஆனால் தரையோடு யாரும் பேசி வைக்கவில்லை.

பலகை, அதன்மேல் மெல்லிசாக ஒரு பஞ்சு, அதன்மேல் தார்ப்பாய். அவ்வளவுதான் ரிங். சந்தேகம் இருந்தால் ஒரு தடவை மல்லாக்க விழுந்து பார்த்துவிட்டு வந்து கமென்ட் போடுங்கள்.

நான் அவரைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தபோது விசில் அடித்தீர்களே... நான் எங்கே தூக்கினேன்? அவர் எம்பினார். வீட்டில் அரிசி மூட்டையை நகர்த்தச் சொன்னாலே எனக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

பாய்வதற்கு முன்னால் என் காதில் விழுகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பாய்வார். ராசிபுரத்தில் ஒரு ஷோ. நடுவர் சட்டையில் குத்தியிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். கரடி உறுமிக்கொண்டு ஓடி வருகிறது. ஸ்பீக்கரில் கேட்கிறது: "வாரேனுங்க சாமி, தலையக் குனிஞ்சுக்குங்க."

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. வில்லனுக்கு என்னய்யா 'ங்க' வேண்டிக்கிடக்கிறது என்று முதலாளி குதித்தார். இனிமேல் ரிங்கில் பேசவே கூடாது என்று உத்தரவு. பொன்னண்ணன் சரீங்க என்று தலையாட்டினார். அடுத்த ஷோவில் மைக்கை விட்டு விலகி நின்று அதையேதான் சொன்னார்.

ஏண்ணா என்று கேட்டேன். சொல்லாமல் பாய்ந்தால் உங்களுக்கு அடிபடும், 'ங்க' போடாமல் பேச எனக்கு வாய் வராது... நான் என்ன பண்ணட்டும் என்றார்.

ஒரு முறை மலையிலேயே ஷோ போட்டோம். வில்லன் வந்தால் கூட்டம் ஊளையிட வேண்டும், அதுதான் வழக்கம். கரடி ரிங்கில் கால் வைத்ததுமே நாலு பக்கமும் "மாமா...", "சித்தப்பா..." என்று சத்தம். நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். மாஸ்க்காவது ஒண்ணாவது! ஊளை எல்லாம் எனக்குத்தான் விழுந்தது.

கடைசியில் நான் கயிற்றின் மேல் ஏறி, படுத்திருக்கிறவர் மேல் பாய வேண்டும். அன்றைக்குத் தூறல். கால் வழுக்கித் தலைகீழாக வந்தேன்.

அவர் சட்டென்று புரண்டு தோளைத் தூக்கி, என் தலையை அதில் வாங்கிக்கொண்டார். பலகையில் மோதியிருந்தால் கழுத்து போயிருக்கும். இன்றைக்கு நான் இதை டைப் செய்துகொண்டிருக்க மாட்டேன்.

நடுவர் எதையும் கவனிக்காமல் வழக்கம்போல் மூன்று வரை எண்ணி என் கையைத் தூக்கிவிட்டார்.

இரண்டு தோளும் தரையில் பட்டால்தான் தோல்வி என்பது சட்டம். முன்வரிசையிலிருந்து பொன்னண்ணன் மனைவி செல்லம்மா அக்கா எழுந்தார். சத்தமே போடவில்லை.

"ஏனுங்க, என்ற ஊட்டுக்காரரு தோளு மேல இருக்குதுங்க. அந்தத் தம்பி அது மேலதான் படுத்துக்கெடக்குது. எதைப் பாத்து எண்ணுனீங்க?"

கம்பெனி இன்றுவரை அதையும் என் வெற்றி என்றுதான் சொல்லிக்கொள்கிறது. போங்கய்யா. அன்றைக்கு ஜெயித்தது பொன்னண்ணன். எந்த மேடையில் வேண்டுமானாலும் ஏறிச் சொல்வேன்.

இப்போது அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சொந்தபந்தம் எல்லாம் வந்துவிட்டது. என்னோடு வந்த நடுவர் அழுதுகொண்டே, கடைசியாக அந்த மாஸ்க்கைப் போட்டு வழியனுப்பலாமா என்று கேட்டார். பாவம், பாசத்தில்தான் கேட்டார்.

அக்கா வேண்டாம் என்றார். "இத்தன வருசம் மூடுனது போதுமுங்க. மொகத்த எல்லாரும் பாக்கட்டும்."

மாஸ்க் கம்பெனி சொத்தாம், மறக்காமல் எடுத்து வரச் சொல்லி இன்னொரு போன் வந்தது. தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை அதற்குள் யார் இருந்தாலும் அவரோடு நான் மோதப் போவதில்லை. கம்பெனியிலிருந்து என்னைத் தூக்கினால் தூக்கட்டும்.

போட்டோ போடட்டுமாக்கா என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு படம் எடுத்து வந்து கொடுத்தார். தோட்டத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறார்.

கீழே இருக்கிறது. இதுதான் கரடி. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொகத்தோடயே போயிட்டு வாங்கண்ணா...