மெத்தைக்கடை மாமாவின் பாதிப் பாட்டு

என் மாமா மெத்தை தைப்பவர். குரல் அப்படியொன்றும் தேன் இல்லை. ஆனாலும் ஊசியைக் கையில் எடுத்தால் பாட்டு வந்துவிடும், அதுவும் ஒரே பாட்டு. ஒரு வரி பாடுவார். அடுத்த வரிக்கு வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். பிறகு மூன்றாவது வரி. "ரேடியோ மறுபடியும் விட்டுவிட்டுப் பாடுது" என்பாள் அத்தை.

மாமாவின் இளவயதில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கத்து ஆட்களும் அந்தப் பக்கத்து ஆட்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் கிட்டார் வாசிக்கும் பையன் ஒருவன் மாமாவுக்குச் சிநேகிதன். இருவரும் பாட்டுக் கட்டியது எங்கள் கடையின் பஞ்சு அறையில். சுற்றிலும் மூட்டைகள், கத்தினாலும் வெளியே கேட்காது. அவனுக்கோ பஞ்சு ஒத்துக்கொள்ளாது. மாமா அவனுக்குத் தும்மலன் என்றே பெயர் வைத்தார்.

ஒருவன் கட்டிய வரியை மற்றவன்தான் பாட வேண்டும் என்று ஒப்பந்தம். மாட்டிக்கொண்டால் உதையும் ஆளுக்குப் பாதி! காகிதத்தில் எதையும் எழுதி வைக்கவில்லை.

ஒரு கோடையில் கலவரம் வந்தது. தும்மலன் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விட்டது. நாளடைவில் தான் கட்டியது மறந்துபோய், மாமா வாயில் தங்கியது தினமும் பாடிய அவன் வரிகள் மட்டுந்தான். "என் வரியையும் தூக்கிட்டுப் போயிட்டான், பாவி" என்று சிரிப்பார். சிரித்த பிறகு ஊசி கொஞ்ச நேரம் ஓடாது. கண்ணை மூடுவதற்குள் அந்த வரிகளை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

போன மாதம் ஒரு பெண் கடைக்குள் வந்தாள். வந்ததும் வராததுமாக அடுக்கடுக்காகத் தும்மினாள். மாமா ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பா போன வருஷம் தவறிட்டாரு. பாட்டோட மீதி இந்தக் கடையில இருக்குன்னு சொல்லியிருந்தாரு" என்றவள் தயங்கித் தயங்கிப் பாடினாள்: "மெத்தைக்குள்ள ஒளிஞ்ச பாட்டு தூங்கவே மாட்டேங்குதே."

"இதையா நான் கட்டினேன்? படு மட்டமா இருக்கே!" என்றார் மாமா. சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

"அப்பா கட்டினது எப்படி இருக்கும், மாமா? அந்த இடம் வந்தா சும்மா தலையாட்டுவாரு. ஒரு தடவைகூட நான் கேட்டதில்ல."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார்: "உங்க தெரு விளக்கணைஞ்சா எங்க தெருவும் இருட்டுதே."

"இன்னொரு தடவை" என்றாள் அவள், அழுதுகொண்டே.

மறுபடியும் பாடினார். அடுத்த வரி வந்ததும், பழைய வழக்கப்படி வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அந்த வரியை அவள் பாடினாள்.