பாபநாசம் பிள்ளையின் சைக்கிள் மணி

என் இடது கையில் மூன்று தழும்புகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டவர் பாபநாசம் பிள்ளை. என் அப்பாவின் அக்காள் வடிவம்மாளின் புருஷன். எனக்கு மாமா முறை. ஆனால் நான் அவரை ஒரு தடவைகூட மாமா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிடும் தூரத்தில் அவர் நின்றதும் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு நீங்கள் வேண்டுமானால் இரக்கப்பட்டுக்கொள்ளுங்கள்.

அவர் ஸ்ரீவைகுண்டத்தில் இருந்துகொண்டு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு அம்மை குத்துகிற வேலை பார்த்தார். மருந்து சென்னையிலிருந்து மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் தபாலில் வரும். வெயில் பட்டால் கெட்டுப்போகும். ஈரத்துணியில் சுற்றி, சின்ன மண்கலயத்தில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். கையைக் கீறி மருந்தை வைத்தால் மட்டும் வேலை முடியாது. எட்டாம் நாள் திரும்பிப் போய் அதே கையைப் பார்க்க வேண்டும். மருந்து பிடித்திருந்தால் கீறின இடத்தில் முத்து மாதிரிக் கொப்புளம் நிற்கும். அதன் நடுவில் சின்னக் குழி இருக்கும். மூன்றாம் நாள் சிவந்து ஆறாம் நாள் அடங்கிவிட்டால் மருந்து பிடிக்கவில்லை என்று அர்த்தம். மறுபடியும் கீற வேண்டும். பார்த்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜனங்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அம்மன் போட வேண்டிய முத்தைப் போட இவன் யார் என்பார்கள். அவர் தெருவில் நுழைந்தால் கதவெல்லாம் சாத்திக்கொள்ளும். பிள்ளைகளை நெல் குலுக்கைக்குள் இறக்கி மூடியைப் போட்டுவிடுவார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் கிணற்றடியைக் கை காட்டுவார்கள். அதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அத்தை சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இருந்ததே, அதனால்.

அவர்களுக்கு ஒரே பெண், சண்முகசுந்தரி. 1908இல் அவளுக்கு ஒன்றரை வயது. அந்த வருஷம் தை மாதம் மாமா தன் கையாலேயே அவளுக்குக் குத்திவிட்டு, வல்லநாட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்கு நடந்து போய்விட்டார். எட்டாம் நாள் அவரால் திரும்ப முடியவில்லை. கால் கொப்புளித்துப் போயிருந்தது. ஒரு வண்டிக்காரனிடம், பிள்ளை கை எப்படி இருக்கிறது என்று கேட்டுவரச் சொன்னார். மூன்றாம் நாள் சிவப்பைப் பார்த்திருந்த அத்தை, எழும்பியிருக்கிறது என்று சொல்லியனுப்பினாள். அவர் இருந்த இடத்திலிருந்தே 'பிடித்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்து, தூங்குகிற பிள்ளையின் கையை விலக்கிப் பார்த்தார். கை பளிங்காக இருந்தது. மருந்து பிடிக்கவில்லை என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரியும். கையில் மருந்தும் இல்லை. எழுதினதை அடித்துத் திருத்தவும் வெட்கம். அடுத்த தபால் வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டார். அந்தத் தபால் வருவதற்குள் தெருவில் அம்மை வந்துவிட்டது. பங்குனி மாதத்தில் பிள்ளை போய்விட்டாள்.

அத்தை ஏரலுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தான் சொல்லியனுப்பிய சொல்லே பிள்ளையைக் கொன்றது என்று அவள் நம்பினாள். அன்றிலிருந்து ஒருவேளைச் சாப்பாடுதான். மாமா மூன்று தடவை கூப்பிட வந்தார். அவள் வெளியே வரவில்லை. பத்தாம் நாள் பார்த்ததை அப்போதும் அவர் சொல்லவில்லை. பெண்டாட்டி தன்னையே நொந்துகொண்டு அரை வயிறாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தும் சொல்லவில்லை. என் கோபம் இதில்தான்.

அதற்கப்புறம்தான் சைக்கிள் வந்தது. பாளையங்கோட்டையில் சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு துரையிடம், தன் கடுக்கனை விற்று வாங்கினார். இனி ஒரு எட்டாம் நாளையும் தவறவிடக்கூடாது என்பது அவர் வைராக்கியம். வண்டிப்பாதையில் புழுதி முழங்கால் மட்டும் கிடக்கும்; சக்கரம் ஓடாது. வாய்க்கால் கரையில்தான் சரள் போட்டு இறுக்கியிருந்தார்கள், அதிகாரிகள் குதிரையில் வந்து பார்ப்பதற்காக. கரைக்காவல் பார்த்த சங்கிலிபூதத்தான் முதல் நாளே மறித்தான்.

"அய்யா, இது தொரமாரு குதிர போற கர. ஒங்க வண்டி கீறிப்போட்டுன்னா எம் வேல போயிரும்."

"எங்கிட்ட இருக்க மருந்து வெயில் தாங்காதுப்பா. இங்கனதான் மரநெழல் இருக்கு."

சங்கிலிபூதத்தான் கலயத்தைப் பார்த்தான். தன் பிள்ளை இரண்டும் அம்மையில் போனதைச் சொல்லிவிட்டு, வழியை விட்டு விலகினான். அதற்குப் பிறகு மருதூர் அணையிலிருந்து ஏரல் வரைக்கும் அவருக்கு அதுதான் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், வயல் முடிந்தால் வாழை, வாழை முடிந்தால் மறுபடியும் வயல். மதகு வந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும். ஓடைகளில் இறங்கி ஏற வேண்டும். நாள் முழுக்கச் சக்கரத்துக்கடியில் சரள் நொறுங்குகிற சத்தம்தான் துணை. நாற்று நடுகிற பெண்கள் குலவையை நிறுத்திவிட்டு முதுகைக் காட்டி நிற்பார்கள். அவர் போனபின் பாட்டு தொடரும். அவர் பேசுவதை விட்டுவிட்டார் என்றே சொல்லலாம். பேச்சுக்குப் பதிலாக அந்த மணி இருந்தது.

எங்கள் வீட்டுப் புறவாசலுக்குப் பின்னால் அதே கரை. மாதத்தில் இரண்டு மூன்று தடவை அவர் அந்த வழியாகப் போவார். வீட்டுக்கு நேரே வந்ததும் மணியை இரண்டு தடவை அடிப்பார். அடித்துவிட்டு நிற்காமல் போய்விடுவார். நான் இருக்கேன் என்று சொல்வதாக அவர் நினைப்பு. ஆறு வருஷம் அப்படி அடித்தார். அத்தை ஒரு நாள்கூடப் புறவாசலுக்கு வரவில்லை.

1914 மாசியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, அம்மை கண்டு வேப்பிலை கட்டிவிட்டார்கள். எனக்கு அப்போது ஒரு வயது. அப்பா, அம்மன் கோவித்துக்கொள்வாள் என்று மருந்துக்கு மறுத்தார். அத்தைதான் எனக்காகப் பேசினாள்.

"அவுகளுக்குச் சொல்லி அனுப்பு தம்பி. ஆவுடைக்குக் குத்தட்டும். அம்மன் கோவிச்சா எம்மேல கோவிக்கட்டும்."

அவர் வந்தார். அத்தை என்னை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவர் கீறி, மருந்து வைத்து, கலயத்தை மூடினார். அவர் எழுந்து, "எட்டாம் நாள் வாரேன்" என்றார்.

"வருவியளா?" என்றாள் அத்தை. ஆறு வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

எட்டாம் நாள் காலையில் அவருக்கு வல்லநாட்டில் வேலை இருந்தது. முடித்துவிட்டுக் கிளம்பினவருக்கு ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் பின் சக்கரத்தில் உடைமுள் ஏறிவிட்டது. ஒட்டுப்போடுகிற பசை காய்ந்து கட்டியாகக் கிடந்தது. பொழுதோ மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. பிசான அறுப்பு முடிந்த வயலில் இறங்கி, வைக்கோலை அள்ளி, ரப்பருக்குள் திணித்துக் கட்டினார். அந்தச் சக்கரத்தோடு சரளில் மிதித்து வந்திருக்கிறார். கைப்பிடி இரண்டு உள்ளங்கையையும் உரித்துவிட்டது என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிட்டார். அத்தை என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு புறவாசலில் நின்றிருந்தாள். மத்தியானத்திலிருந்தே அங்கேதான் நின்றாளாம். உள்ளே அம்மா அவருக்கு இலை போட்டிருந்தாள். போன மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டார் என்றே வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். மூன்று முத்தும் நின்றன. மூன்றிலும் நடுவே குழி.

"நல்லா எழும்பியிருக்கு" என்றார்.

"இதுதான் எழும்புததா?" அத்தை குனிந்து பார்த்தாள். "எனக்கு அன்னைக்குத் தெரியாமப் போச்சே. வெறும் செவப்பப் பாத்துட்டு எழும்பிட்டுன்னு சொல்லிட்டேனே. எம் பிள்ளைய நானே கொன்னுட்டேனே."

இந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருக்கலாம். அழாதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய் இலையில் உட்கார்ந்திருக்கலாம். அத்தை அவரோடு போயிருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"நீ கொல்லல, வடிவு" என்றார். "பத்தாம் நாள் வந்து நான் அவ கையப் பாத்தேன். ஒண்ணுமில்ல. பிடிக்கலன்னு எனக்குத் தெரியும். எழுதினத மாத்த வெக்கப்பட்டுக்கிட்டு, அடுத்த தபாலுக்குப் பாத்துக்கிடலாம்னு இருந்துட்டேன். அன்னைக்குச் சொல்லியிருந்தா எங்கயாவது ஓடி மருந்து வாங்கியிருக்கலாம்."

நான் சிணுங்கினேனாம். அத்தை என்னை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் இங்கன வந்து மணி அடிச்சியளே, எதுக்கு?"

"நான் போறேன்னு ஒனக்குத் தெரியட்டும்னு."

"நீதாண்டி கொன்ன, நீதாண்டி கொன்னன்னு ரெண்டு தடவ சொல்லுத மாரி இருக்கும் எனக்கு. காதப் பொத்திக்கிட்டு அடுக்களையில உக்காந்திருப்பேன். ஆறு வருசம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இனிமே அடிக்காதிய."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் இலையில் உட்காரவில்லை. வைக்கோல் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே நடந்தார். அன்று ராத்திரி அத்தை அடுக்களைக்கு வந்து தானே சோறு போட்டுச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் பட்டினி கிடக்கவில்லை. அவரிடம் திரும்பிப் போகவும் இல்லை.

மாமா வேலையை விடவில்லை. அதே கரை, அதே கலயம். மணியைக் கழற்றிவிடவும் முடியாது. மாடு ஓட்டுகிறவர்கள் விலக அது வேண்டியிருந்தது. எனக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு நாள் புறவாசலில் நின்று அவரைப் பார்த்தேன். எங்கள் வாழைத்தோட்டம் தொடங்குகிற இடத்தில் இறங்கினார். இடது கையால் வண்டியைப் பிடித்து, வலது உள்ளங்கையால் மணியைப் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்து பைய நடந்து போனார். தோட்டம் முடிந்த பிறகுதான் ஏறினார். அவர் யார் என்று எனக்கு அப்போது தெரியாது.

"அத்த, அந்த ஆளு ஏன் வண்டியில ஏறாமத் தள்ளிக்கிட்டே போறாரு?"

அத்தை எனக்குப் பின்னால் கதவோரமாக நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"ஏறினா, சரள்ல மணி தானா குலுங்கும்" என்றாள்.