அண்ணையை மறிக்கும் வாசல்

குளிர்காலத்துக் காலைகளில் என் கைபேசிக்கு என்னைத் தெரியாது. மல்வேர்னில் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவன் நான். விடிய எழும்பி, கம்பளித் தொப்பியோடு அதை முகத்துக்கு நேரே பிடித்தால், முகம் பொருந்தவில்லை என்கிறது. தொப்பியைக் கழற்றி, மூக்கைத் துடைத்து, அதன் முன்னால் நல்ல பிள்ளையாக நிற்கவேண்டும். முப்பது வருடமாக வரி கட்டுகிற நாட்டில், காசு கொடுத்து வாங்கிய சாமானுக்கே நான் ஆர் என்று விளங்கப்படுத்துவது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. போன ஆடியில், கண்டவுடனேயே என்னை அடையாளம் பிடித்த ஒரு வாசலுக்குப் போனேன். அன்றிலிருந்து கைபேசி தெரியாது என்று சொல்லும்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.

பள்ளிக்கூட விடுமுறையில் எங்கள் பக்கத்து முதியவர்களை வானில் ஏற்றிக்கொண்டு நயாகராவுக்குப் போவேன். அன்று பகல் பதினொரு மணிக்கு, நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்க மழை பிடித்துக்கொண்டது. கிட்ட ஒதுங்க இருந்தது கசினோ ஒன்றுதான். "தம்பி, எனக்கு ஒருக்காப் பாத்ரூம் போகவேணும்," என்றார் பரமேஸ் அன்ரி. ஆறு வருடமாக நான் அந்தக் கட்டடத்தின் பக்கம் முகம் திருப்பியதில்லை. ஆனால் எழுபத்தெட்டு வயது மனிசியை மழைக்குள் தனியே அனுப்ப முடியுமா?

அந்த நகரத்தின் கதையை எனக்குச் சொன்னவர் என் அண்ணை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். அங்கே ஒரு மோட்டலில் துவாய் தோய்க்கிற வேலை. "இந்த ஊருக்குச் சூது புதுசில்லையடா," என்பார். "முந்தி பீப்பாவுக்குள்ள ஏறி அருவியோட விழுந்தவங்கள். ஆள் தப்புமோ தப்பாதோ எண்டு கரையில நிண்டவை பந்தயம் பிடிச்சவையாம். பிறகு பக்டரியள் வந்து, அதுகளும் பூட்டுப்பட்டு, கடைசியா கசினோ வந்தது. இப்ப அது பூட்டினா எனக்குத் தோய்க்கத் துவாயும் இல்லை." ஊரில் நாங்கள் சீட்டில் முந்நூற்றிநாலு விளையாடினால், தோற்றவன் எல்லாருக்கும் தேத்தண்ணி போடுவான், அதோடு சரி. இங்கே அண்ணை, அம்மாவின் கண் ஒப்பரேசனுக்கு நான் கொடுத்த காசைக் கொண்டுபோய்ச் சூதாட்ட மெசினுக்குள் போட்டார். பிடிபட்டபோது, "அம்மா மேல சத்தியமா இனி அங்க விளையாடமாட்டன்," என்றார். நம்பினேன். தீபாவளி கழிந்த ஞாயிறு அவர் கசினோவுக்குள் போனதைக் கண்டதாக ஒருவர் வந்து சொன்னார். போன் எடுத்துக் கேட்டேன். "போனனான்தான். ஆனா நீ நினைக்கிற மாதிரி இல்லை," என்றார். மிச்சத்தைக் கேட்காமல் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எடுத்த ஒரு போனுக்கும் நான் பதில் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, மாரடைப்பில் ஆள் முடிந்த செய்தியை மோட்டல்காரர்தான் அறிவித்தார். மின்தகனத்தில் பொத்தானை அமத்தும்போதுகூட எனக்குக் கோபம் ஆறவில்லை.

கசினோவின் கதவுக்குள் காலை வைத்ததும் மழைச் சத்தம் அறுந்துபோனது. ஜன்னல் இல்லை, மணிக்கூடு இல்லை, பகலா இரவா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். எங்கேயோ ஒரு மெசின், கேட்க ஆளில்லாமல், தன்பாட்டில் பாடிக்கொண்டிருந்தது. அன்ரியை விட்டார்கள். என் முன்னால் ஒரு காவல்காரப் பெண் வந்து நின்று, "மிஸ்டர் சின்னத்துரை," என்றாள்.

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. சின்னத்துரை எங்கள் அப்பா. இந்த நாட்டில் அவர் பெயரைத்தான் அண்ணையும் நானும் குடும்பப் பெயராகச் சுமக்கிறோம்.

"உங்களை உள்ளே விட முடியாது. நீங்கள்தானே கேட்டுக்கொண்டீர்கள்," என்றாள் ஆங்கிலத்தில். நான் ஒன்றும் கேட்கவில்லை, இந்த அம்மாவோடு வந்தேன் என்றேன். "இத்தனை வருடம் நன்றாகச் சமாளித்துவிட்டீர்கள். ஒருமுறைகூட வரவில்லை. இன்றைக்குக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்," என்று அன்பாகச் சொல்லி, கையிலிருந்த திரையை என் பக்கம் திருப்பினாள்.

திரையில் நான் இருந்தேன். நரைத்த மீசை, ஏறிய நெற்றி. ஆனால் அந்த நீல ஜக்கற் நான் அண்ணைக்குக் கொடுத்தது. படத்தில் அவருக்கு இருந்த வயதுக்கு நான் இப்போது வந்துவிட்டேன். முகமும் வந்து சேர்ந்துவிட்டது. நான் கையெழுத்து வைத்த நாள் என்று அவள் வாசித்த திகதி, தீபாவளி கழிந்த அதே ஞாயிறு. தன்னை இனி உள்ளே விடவேண்டாம் என்று எழுதிக் கொடுக்கத்தான் அண்ணை அன்றைக்கு அங்கே போயிருக்கிறார்.

"அது என் அண்ணை. செத்துப்போனார்," என்றேன். என் லைசன்சை வாங்கிப் பார்த்தவளின் முகம் மாறியது. மன்னிப்புக் கேட்டாள். மரணச் சான்றிதழை அனுப்பினால் படத்தை அழித்துவிடுவோம், பிறகு முகம் பார்க்கிற வாசல் கமரா உங்களை மறிக்காது என்றாள்.

திரும்பி வந்த பரமேஸ் அன்ரி, "உம்மை இஞ்ச நல்லாத் தெரியும் போல," என்று சிரித்தார்.

"ஓம் அன்ரி, அண்ணையாலதான்," என்றேன். அழுகை வந்துவிட்டது. பாவம், அவர் பயந்துபோனார்.

சான்றிதழ் இன்னும் வானுக்குள்தான் கிடக்கிறது. நான் அனுப்பவில்லை. ஊரில் எங்கள் வீட்டில் இப்போது வேறு ஆட்கள். போனமுறை போய் வாசல் படலையில் நிற்க, ஆர் வேணும் என்று கேட்டார்கள். போன மார்கழியில் ஒருநாள் தனியாக வானை எடுத்துக்கொண்டு நயாகராவுக்கு ஓடினேன். தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தக் கதவால் நுழைந்தேன். வேறொரு காவல்காரன் எழும்பி வந்து, "மிஸ்டர் சின்னத்துரை?" என்று மறித்தான்.

"ஓம், நான்தான்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.